கழுகுமலை ரோட்டுச் சுமைதாங்கி

பேரன் பேத்தி எடுத்த பெரிய மனிதர்களே, என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒழுகின மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தவர்களே! என்னை நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று உங்களில் சிலர் தனியாகப் பேசிக்கொள்வது எனக்குத் தெரியும். தாராளமாக நீக்குங்கள். இதைப் படித்து முடித்துவிட்டு நீக்குங்கள்.

நான் செய்த குற்றம் என்ன? போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லாரும் வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினீர்கள். நானும் வந்தேன். பிறந்ததிலிருந்து இந்தக் கோவில்பட்டியிலேயே கிடக்கிற நமக்கு, ரயில் ஸ்டேஷன் எங்கே இருக்கிறது என்று காட்டித்தர ஒரு பெண்பிள்ளை மைக்கோடு வந்தாள். நீங்களும் காசியைக் கண்டவர்கள் மாதிரி வளைத்து வளைத்துப் படம் எடுத்தீர்கள். கடலை மிட்டாய்க் கடை வாசலில் ஆளுக்கொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "இது இந்த மண்ணோட ருசி" என்றீர்கள். சர்க்கரை வியாதிக்காரர்கள் இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டியதையும் பார்த்தேன். அது அவரவர் பாடு. கடைசியாக, பழைய தீப்பெட்டி ஆபீஸ் கட்டடத்தில் புதிதாகத் திறந்திருக்கிற அருங்காட்சியகத்துக்குப் போனோம். அதன் முற்றத்தில் ஒரு சுமைதாங்கிக் கல் நிற்கிறது. அதற்கு முன்னால் நின்றுதான் நான் சத்தம் போட்டேன்.

அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பலகை வைக்கப் போகிறார்கள். அதில் என்ன எழுதுவது என்பதுதான் சண்டை. எழுதப்போவதை அந்தப் பிள்ளை வாசித்துக் காட்டினாள். கழுகுமலை வணிகப் பாதையில் வழிப்போக்கர்களின் களைப்பைப் போக்க இன்னார் தயாள குணத்தோடு அமைத்தது என்று இருந்தது. அந்த இன்னாருடைய பேரன்தான் கட்டடத்தைக் கொடுத்தவர், அருங்காட்சியகத்துக்குத் தலைவர், அன்றைக்கு உங்களுக்கெல்லாம் இட்லி பொங்கல் ஏற்பாடு செய்தவர். தயாள குணம் என்றதும் நீங்கள் கை தட்டினீர்கள். நான், "பொய்யி! அம்புட்டும் பொய்யி!" என்று கத்தினேன். "இவளுக்குச் சின்னப் பிள்ளையிலேருந்தே இந்தக் கோட்டிதான்" என்று ஒருவர் எனக்குக் கிறுக்குப் பட்டம் கட்டியது என் காதில் தெளிவாக விழுந்தது. பொங்கல் ஆறிவிடும் என்று எல்லாரும் பின்கட்டுக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு முற்றத்தில் என்ன நடந்தது என்பது உங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கல் யாருக்காக நட்டது என்பதை முதலில் சொல்லியாக வேண்டும்.

சுமைதாங்கிக் கல் எதற்கு வைப்பார்கள் என்பது நம்மில் பாதிப் பேருக்காவது தெரியும். தெரிந்துகொண்டே கை தட்டினீர்கள் என்பதுதான் எனக்கு ஆத்திரம். வயிற்றுப் பிள்ளையோடு ஒருத்தி செத்துப்போனால், அவள் இறக்கி வைக்காத பாரம் அவளோடேயே போகிறது. அதனால் பாதையோரம் இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைக் கிடத்தி, தலைச்சுமைக்காரர்கள் இறக்கி வைத்துவிட்டு மூச்சு வாங்கும்படி செய்வார்கள். வருகிறவர் போகிறவர் பாரம் இறங்க இறங்க அவள் பாரமும் இறங்கும் என்பது நம்பிக்கை. அந்தக் கல் என் அத்தைக்காக வைத்தது. என் அப்பாவின் ஒரே தங்கை அவள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. ஊரைச் சுற்றிலும் கரிசல் காடு வாய் பிளந்து கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டால் முழங்கை வரைக்கும் போகும். உள்ளே மட்டும் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்கும். பருத்தி எடுத்து முடிந்து வெறும் செடி பருத்திமாராகக் காய்ந்து நின்றது. அந்தச் சமயத்தில்தான் வளைகாப்பு முடிந்து, கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு, தலைப்பிரசவத்துக்காக அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அப்பா மில்லில் மேஸ்திரி. அத்தையைக் கட்டிக்கொடுத்திருந்தது கழுகுமலையில், அங்கேயும் நம் ஊரிலும் ஆள் வைத்துத் தீப்பெட்டி செய்கிற ஆபீஸ் நடத்திய குடும்பத்தில். தகுதிக்கு மீறின சம்பந்தம் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். அதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டிய அப்பா, பாராட்டாக எடுத்துக்கொண்டு தலை நிமிர்ந்து நடந்தார்.

சாயங்காலம் கொஞ்சம் நடந்தால்தான் பிள்ளை லேசாகப் பிறக்கும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். துணைக்கு என்னை அனுப்பினார்கள். ஆகவே எனக்கு இந்த ஊரைச் சுற்றிக் காட்டியவள் அத்தைதான். மைக் இல்லை, தொப்பி இல்லை. ஒரு கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு, மறு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வளையல்கள் என் காதோரம் சிணுங்கிக்கொண்டே வரும்.

முதலில் ஸ்டேஷனுக்குப் போவோம். பிளாட்பாரத்துச் சிமெண்டு பெஞ்சில் உட்காருவோம். பகல் முழுக்க வெயில் குடித்த பெஞ்சு பாவாடைக்கு மேலேயும் சுடும். கரிப்புகை வாடையும் பூக்காரியின் கூடையில் இருக்கிற மரிக்கொழுந்து வாடையும் கலந்து வரும்.

"ஏட்டி, இந்தத் தண்டவாளம் அங்கிட்டு எங்க போகுது?" என்பாள்.

"மெட்ராசுக்கு."

"இங்கிட்டு?"

"திருநெல்வேலிக்கு."

"கழுகுமலைக்கு?"

"கழுகுமலைக்குப் போகாது."

"அதான். ரயிலே போகாத ஊராப் பாத்துக் கட்டிக் குடுத்துருக்கான் உங்கப்பன். நான் ஏறி ஓடிருவேன்னு பயம்" என்று சொல்லிவிட்டு, வயிறு குலுங்கச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன். அவள் அதுவரை ஒரு தடவைகூட ரயிலில் ஏறியதில்லை என்று பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்தது மில் சிம்னி. சங்கு ஊதும் நேரத்துக்குச் சரியாக அதன் அடியில் போய் நிற்பாள். "இந்த ஊர்ல ஆம்பளைக்குச் சங்கு ஊதுனாத்தான் பசிக்கும், பொம்பளைக்குச் சங்கு ஊதுனாலும் பசிக்கக் கூடாது" என்பாள். கோவில் தெப்பக்குளத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு, அதில் விழுந்த மருமகள்கள் ஒவ்வொருத்தியும் எந்தத் தெரு, எந்த வீடு, மாமியார் என்ன சொன்னாள் என்று கதை கதையாகச் சொல்வாள். உங்கள் மைக் பிள்ளை அதே குளத்துக்கு நீளமும் அகலமும் சொன்னாள். நீங்கள் குறித்துக்கொண்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. ஒரு ஊரின் சரித்திரம் என்பது யார் எதைக் கட்டினார்கள் என்பது மட்டும்தானா?

கடைசியில் கடலை மிட்டாய்க் கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் அடுப்பு. வறுத்த கடலையைச் சுளகில் புடைக்கும்போது சிவப்புத் தோல் பறந்து வந்து நம் தலையில் உட்காரும். மண்டை வெல்லப் பாகு கொதித்துப் பொங்குகிற வாசனை தெருமுனைக்கே வந்துவிடும். பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, அதை எடுத்துக் கல்லில் தட்டிப் பார்ப்பார்கள். 'டிங்' என்று சத்தம் கேட்டால்தான் பதம். அத்தைக்குச் சதுரமாக வெட்டின மிட்டாய் பிடிக்காது. வெட்டும்போது மிஞ்சுகிற கோணல்மாணலான ஓரத் துண்டுதான் வேண்டும். "பிள்ளைத்தாய்ச்சி கேட்டு இல்லன்னு சொல்லக் கூடாது" என்று கடைக்காரர் ஒரு காகிதத்தில் அள்ளிக் கொடுப்பார். அதை அவள் கடிக்கிற சத்தம் தெருவுக்கே கேட்கும். "எனக்கு இல்லட்டி, உள்ள கெடக்கவன் கேக்கான்" என்பாள்.

இப்போது நீங்கள் 'இந்த மண்ணோட ருசி' என்கிறீர்களே, அதைக் கேட்டு எனக்கு ஏன் பற்றிக்கொண்டு வந்தது என்பதற்கு வருகிறேன்.

கொஞ்ச நாளில் அத்தையின் கால் வீங்க ஆரம்பித்தது. விரலால் அழுத்தினால் குழி விழும். அந்தக் குழி மேலெழும்ப நேரமாகும். நான் அதை ஒரு விளையாட்டாக வைத்துக்கொண்டு அழுத்தி அழுத்திப் பார்த்தேன். அவளும் காலை நீட்டிக் காட்டினாள். மெட்டி விரலில் புதைந்து போய்த் தட்டாரை வரவழைத்து வெட்டி எடுத்தார்கள். தெருப் பெண்கள் வந்து பார்த்துவிட்டு, "கால் வீங்குனா ஆம்பளப் பிள்ளை" என்று அம்மாவிடம் சந்தோஷமாகச் சொல்லிப் போனார்கள். பிறகு முகமும் வீங்கியது. "களை வந்துருச்சு பாரு" என்றார்கள். தலைவலி என்று அவள் ஈரத்துணியைக் கட்டிக்கொண்டு படுத்தபோது, வெயில் என்றார்கள்.

ஒரு சாயங்காலம் கதிரேசன் மலைப் படியில் கொஞ்சம் ஏறியதும் என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"ஏட்டி, கண்ணுக்குள்ள யாரோ தீக்குச்சி கிழிக்குத மாதிரி இருக்கு."

"எங்க அத்தை?"

"உள்ளதாண்டி. கிழிச்சுக் கிழிச்சுப் போடுதாக. தீப்பெட்டி ஆபீஸ்காரன் வீட்டுல வாக்கப்பட்டா இப்படித்தான் போலுக்கு" என்று அதற்கும் சிரித்தாள். படியில் உட்கார்ந்தவள் நெடுநேரம் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "பித்தம். கண்ட கடலையும் வெல்லத்தையும் தின்னா பித்தம் தலைக்கேறாம என்ன செய்யும்?" என்று அம்மா சொன்னாள். அன்றோடு மிட்டாய் நின்றது, நடை நின்றது. இஞ்சியும் சீரகமும் கொதிக்க வைத்துக் கொடுத்தார்கள். கால் வீக்கம், முக வீக்கம், தலைவலி, கண்ணில் பொறி. இன்றைக்கு இந்த நான்கையும் சொன்னால் எந்த ஊர் நர்சும் ஆம்புலன்சைக் கூப்பிடுவாள். என் மருமகள் உண்டாகியிருந்தபோது ஒவ்வொரு தடவையும் கையில் பட்டி சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். அந்தப் பட்டி காற்றடித்து விம்முவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அந்தக் காலத்திலும் ஒரு ஆளுக்குத் தெரிந்துதான் இருந்தது. மில் ஆஸ்பத்திரி டாக்டர் அப்பாவோடு பேசிக்கொண்டே வாசல் வரைக்கும் வந்தவர், அத்தையின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார். "மேஸ்திரி, நாளைக்கே பாளையங்கோட்டை பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரும். தள்ளிப் போடாதேயும்" என்றார். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று கேட்டேன். எனக்கு ஒரே சந்தோஷம். பாளையங்கோட்டை என்றால் திருநெல்வேலி வரைக்கும் ரயில்.

அப்பா இரவெல்லாம் யோசித்தார். காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு கழுகுமலைக்கு பஸ் ஏறினார். "சம்மந்தி வீட்டுல ஒரு வார்த்தை கேக்காம எப்படி? அவிய வீட்டு வாரிசுல்லா. ஆஸ்பத்திரில கொண்டு போட்டுட்டான்னு நாளைக்கு ஒரு சொல் வந்தா, அங்கன போய் வாழப் போறவ பாப்பாதானே?" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. தங்கச்சி பிழைத்து வந்து அந்த வீட்டில் வாழ வேண்டிய முப்பது நாற்பது வருஷத்தை நினைத்துப் பயந்தார். இப்போது எனக்கு அது புரிகிறது. புரிந்ததால் கோபம் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அன்றைக்குக் கழுகுமலையில் பங்குனி உத்திரத் தேர். அத்தையைக் கட்டின மாமாவின் அப்பா, அதாவது உங்கள் தயாள குணவான், வடத்துக்குப் பக்கத்தில் தலைப்பாகையோடு நின்றிருக்கிறார். அப்பா போய்ச் சொன்னதும், "எங்க வீட்டுல ஒருத்தியும் ஆஸ்பத்திரில பெத்ததில்லையே. இருக்கட்டும், தேர் நிலைக்கு வரட்டும், பேசிக்கிடுவோம்" என்றாராம். அப்பாவும் பேசாமல் கூட நின்று வடம் பிடித்தார். மாமா என்ன சொன்னார் என்று கேட்கிறீர்களா? மாமா அவர் அப்பாவின் முகத்தைப் பார்த்தாராம். அவ்வளவுதான்.

தேர் நிலைக்கு வருவதற்குள் இங்கே எல்லாம் முடிந்துவிட்டது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவள் அப்படியே பின்பக்கம் சாய்ந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வளையல்கள் தரையில் மோதி உடைந்து சிதறின. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்து அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்து விரல்களை மடக்கிப் பிடித்தார்கள். இரும்பு பட்டால் வலிப்பு நிற்குமாம். தெருமுனையில் குதிரைவண்டி நின்றது. ஊரிலேயே சர்க்கார் ஆஸ்பத்திரி இருந்தது. "அவிய வந்துரட்டும், அவிய வந்துரட்டும்" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அப்பா வந்தார். கையில் கோவில் பிரசாதப் பொட்டலம் இருந்தது. தெருவில் கூட்டத்தைப் பார்த்ததும் அந்தப் பொட்டலத்தை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

செத்தவளைக் கேட்க முடியாது; டாக்டர் பேச்சைக் கேட்காத அப்பாவையும் யாரும் கேட்கவில்லை. கேட்பதற்கு நான் இருந்தேன். "அந்தி நேரத்துல பிள்ளைத்தாய்ச்சியச் சிம்னி, மலைன்னு கூட்டிக்கிட்டு அலைஞ்சது இந்தக் கழுதைதான். மிட்டாயா வாங்கி வாங்கித் திங்க வச்சது" என்று சொந்தக்காரி ஒருத்தி துக்க வீட்டில் வைத்தே சொன்னாள். அம்மா மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருஷம் முழுக்க நான் 'அத்தைக்கு மிட்டாய் குடுத்தவ'. பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லி என்னைக் கேலி செய்தவர்கள் இந்தக் குழுவிலேயே மூன்று பேர் இருக்கிறீர்கள். நான் அதற்காகக் கடலை மிட்டாயை விடவில்லை. வீம்புக்கென்றே இன்றைக்கும் தின்கிறேன், பொய்ப்பல்லோடு. ஆனால் அதை வாயில் போட்டுக்கொண்டு யாராவது ஊர்ப்பெருமை பேசினால் எனக்கு ஆகாது.

பிறகு கல் வைத்தார்கள். அதையும் பெண் வீட்டார் கேட்டுத்தான் வைத்தார்கள். அம்மாதான் அந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக நின்றாள். கழுகுமலை ரோட்டில், ஆட்கள் சந்தைக்கு நடந்து போகிற திருப்பத்தில் நட்டார்கள். கல்லின் நெற்றியில் மாமாவின் அப்பா பெயரும் அவருடைய அப்பா பெயரும் 'உபயம்' என்று வெட்டியிருந்தது. வேறு எழுத்து எதுவும் இல்லை. பருத்திமார்க் கட்டு சுமந்து வந்த ஒரு அம்மாளைக் கூப்பிட்டு முதல் சுமையை இறக்கச் சொன்னார்கள். அவள் இறக்கிவிட்டு, "எம்மா, மகராசி" என்று கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பாவுக்கு ஒரு துண்டு போர்த்தினார்கள். அவரும் குனிந்து வாங்கிக்கொண்டார்.

வருஷம் திரும்புவதற்குள் மாமாவுக்கு வேறு கல்யாணம் நடந்தது. எங்களுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அப்பா என்னையும் இழுத்துக்கொண்டு போனார். பஸ் பாதி வழியில் நின்றுவிட்டதால் நாங்கள் நடந்தோம். அந்தத் திருப்பத்தில், புதுப் பெண்ணின் சீர்ப் பாத்திரங்களைத் தலையில் சுமந்து வந்தவர்கள், அண்டாவையும் குத்துவிளக்கையும் அத்தையின் கல் மேல் இறக்கி வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். தேய்த்துப் பளபளவென்று இருந்தது பித்தளை. நான் அந்த அண்டாவை ஓங்கித் தள்ளினேன். அது உருண்டு ரோட்டோரப் பள்ளத்தில் விழுந்து நெளிந்தது. அப்பா எல்லார் முன்னாலும் என்னை அறைந்தார். அதிலிருந்து அந்தப் புதுப் பெண்ணின் முகத்தை நான் ஏறிட்டுப் பார்த்ததே இல்லை. எந்த விசேஷத்தில் கண்டாலும் எழுந்து போய்விடுவேன்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ரோட்டை அகலப்படுத்தினபோது அந்தக் கல்லைப் பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தார்களாம். தலைவர் அதைத் தூக்கி வந்து முற்றத்தில் நட்டிருக்கிறார். அவர் அந்தப் புதுப் பெண்ணின் மகன். நீங்கள் பொங்கலுக்குப் போன பிறகு அவர் மட்டும் போகவில்லை. மைக் பிள்ளையும் கையில் போனை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, எதுக்குச் சத்தம் போடுதீங்க? என்ன தப்புன்னு சொன்னா திருத்திருவோம்லா" என்றார்.

நான் திருத்த வரவில்லை, சண்டை போட வந்தேன். ஐம்பது வருஷத்துக்கு மேலாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த அத்தனையையும் கொட்டினேன். தேர், டாக்டர், சாவிக்கொத்து, துண்டு, அண்டா எல்லாம் சொன்னேன். அவர் தாத்தாவின் தயாள குணத்துக்கு என் அத்தையின் உயிர்தான் விலை என்றும் சொன்னேன். அவர் இல்லை என்று மறுப்பார், நான் பிடித்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தேன். அவர் கல்லின் பீடத்தில் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அப்பாவுக்கு மொதல்ல ஒரு பொண்டாட்டி இருந்தாகளா?" என்று கேட்டார். அறுபதை நெருங்குகிற மனிதர். அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. வீட்டில் ஒருவரும் சொன்னதில்லை.

"அப்பம் நீங்க எனக்கு மதினி முறைல்லா" என்றார்.

"நான் முறை கொண்டாட வரலை" என்றேன்.

"செரி மதினி. பலகைய மாத்திருவோம். தாத்தா பேரு கல்லுல இருக்கதே போதும், பலகைல வேண்டாம். வயித்துப் பிள்ளையோட இறந்துபோன இவியளுக்காக வச்ச கல்லுன்னே போட்டுருவோம். அவிய பேரைச் சொல்லுங்க."

அந்தப் பிள்ளை போனில் எழுத விரலைத் தயாராக வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன்.

என்னிடம் பேர் இல்லை.

அப்பா அவளைப் பாப்பா என்று கூப்பிட்டார். அம்மாவும் அவரைப் பார்த்து அதையே சொன்னாள். தெருவுக்கு அவள் மேஸ்திரி தங்கச்சி. எனக்கு அத்தை. செத்த பிறகு அவள் பேச்சையே வீட்டில் எடுக்க மாட்டார்கள். எடுத்தாலும் 'போனவ' என்பார்கள். படமும் கிடையாது. யோசித்து யோசித்துப் பார்த்தேன், ஒருவர் கூட ஒரு தடவை கூட அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது என் நினைவில் இல்லை. முற்றத்து வெயிலில் நின்று இத்தனை பேரையும் திட்டித் தீர்த்த வாய்க்கு, கடைசியில் சொல்ல ஒரு சொல் இல்லாமல் போயிற்று. எனக்கு அவமானமாக இருந்தது. அழுதுவிட்டேன், அவர் முன்னாலேயே.

அவர்தான் பேசினார். "மதினி, எங்கம்மா எந்தப் பலகாரம் சுட்டாலும் மொத ஈட்ட எடுத்து ஒரு எலைல வச்சு, ஜன்னல்ல வச்சுட்டுத்தான் எங்களுக்குத் தருவா. கேட்டா 'கோவில்பட்டியாளுக்கு'ம்பா. நான் இந்த ஊருச் செண்பகவல்லி அம்மனத்தான் அப்படிச் சொல்லுதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். போன வருசம் சாகுத வரைக்கும் வச்சா."

வாக்கப்பட்டு வந்த பெண்ணை அவள் பிறந்த ஊர்ப் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது நம் பக்கத்து வழக்கம். அந்த வீட்டில் என் அத்தை கோவில்பட்டியா. அவளுக்குப் பிறகு வந்தவளுக்கும் அந்த ஒரு பேரைத்தான் சொல்லியிருக்கிறார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு எழுந்து போனேனே, அந்தப் பெண்தான் அவ்வளவு காலமும் அவளுக்கு இலை போட்டிருக்கிறாள். அவளிடம் ஒரு நாளாவது நின்று பேசியிருக்கலாம். 

கோவில்பட்டியா என்றே பலகையில் போட்டுவிடலாமா என்று அவர் கேட்டார். கூடாது என்றேன். ஊர்ப் பேர் ஊருக்கு இருக்கிறது. அவளுக்கு அவள் பேர் வேண்டும். பிறந்தபோது யாரோ காதில் மூன்று தடவை சொல்லியிருப்பார்கள். வாத்தியார் கூப்பிட்டதும் எழுந்து நின்றிருப்பாள்.

அவள் இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் எட்டாவது வரை படித்தாள். உங்கள் அக்காமார் சிலர் அவள் வயதுக்காரர்கள். கூடப் படித்தவர்கள், கூடத் தண்ணீருக்குப் போனவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு ஞாபகம் தப்புவதற்கு முன்னால், காது கேட்காவிட்டால் சத்தமாக, கேளுங்கள். மில்லுத் தெரு மேஸ்திரியின் தங்கை, கழுகுமலையில் வாக்கப்பட்டவள், சிரித்துக்கொண்டே பேசுவாள், மேல்வரிசையில் ஒரு தெற்றுப்பல் இருக்கும் என்று சொல்லுங்கள். பலகை இன்னும் அச்சுக்குப் போகவில்லை. நான் போக விடவில்லை.

தெரிந்தவர்கள் பேரை மட்டும் எழுதி அனுப்புங்கள். தெரியாதவர்கள் கைகூப்புகிற பொம்மையைப் போட்டு அனுப்ப வேண்டாம். எனக்குத் தேவை பேர்.